கமலக்கண்ணன் பெயரில் ஒரு கார்

தங்கள் குடும்பத்துக்கு ஒரு கார் இருக்கிறது என்பது தேவசேனாவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்குத் தெரிய வந்தது. ஆந்திராவின் நகரியில், அவர்களுடைய வார்டு சச்சிவாலயம் என்ற அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் கீர்த்தி என்ற பெண் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கமாகத் திருப்பி, பேனாவின் பின்பக்கத்தால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். திரையில் ஆறு வரிகள் இருந்தன. நிலம், மின்சாரம், வீட்டின் அளவு, அரசு வேலை, வருமான வரி என்ற ஐந்துக்கும் எதிரே பச்சை. நாலு சக்கர வண்டி என்ற வரிக்கு எதிரே சிவப்பு. தேவசேனா தெலுங்கு நன்றாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் அந்தச் சிவப்பைப் படிக்க எழுத்து தேவைப்படவில்லை.

"மீக்கு காரு உந்தி அக்கா," என்றாள் கீர்த்தி. பிறகு தமிழில், "உங்க வூட்டுக்காரர் பேர்ல."

தேவசேனா சிரித்துவிட்டாள். "எங்க வூட்டு சைக்கிளுக்கு ஒரு பெடலே இல்லம்மா. உள்ள இரும்புக் கம்பிதான் கீது. அத்த மிதிச்சினு போறாரு."

கீர்த்தி சிரிக்கவில்லை. இந்தத் திரையைப் பார்த்து அழுதவர்களையும் கத்தியவர்களையும் அவள் பார்த்திருப்பாள். சிரித்தவர்கள் குறைவாக இருக்க வேண்டும். "நெறைய பேருக்கு இப்டி தப்பா வருதுக்கா. கார் இல்லன்னு ஒரு அஃபிடவிட் எயுதி, நோட்டரி முத்திரை போட்டு, அண்ணன் கையெழுத்தோட குடுங்க. நான் மேல அனுப்பறேன். ஆனா இருபதாந்தேதிக்குள்ள வரணும். அன்னிக்கு ஃபீஸ் லிஸ்ட மூடிடுவாங்க."

இருபதுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மகள் மோகனப்ரியா புத்தூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். ஃபீஸை அரசாங்கம் கட்டுகிறது. அதற்கு வீட்டில் ஏழைகளுக்கான ரேஷன் அட்டையான ரைஸ் கார்டு இருக்க வேண்டும், கார் இருக்கக் கூடாது. இந்த முறை லிஸ்டில் அவள் பெயர் வரவில்லை. அது சேராவிட்டால் முழுப் பணத்தையும் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அப்படியொரு நிலை வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. மோகனப்ரியா மட்டும் போன வாரத்திலிருந்து, யாரும் கேட்காமலே, தறிக்கு நூல் பாபின் சுற்ற உட்கார ஆரம்பித்திருந்தாள்.

தேவசேனா எழுந்து வாசல்வரை வந்தவள் திரும்பிப் போனாள். "அது இன்னா காரும்மா?"

கீர்த்தி நிமிர்ந்து பார்த்தாள். இதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை போலிருந்தது. வண்டி நம்பரைத் தன் போனில் அடித்துப் பார்த்தாள். "டீசல். ஏழு பேர் உக்கார்ற வண்டி. நாலு வருஷம் ஆச்சி வாங்கி."

"இன்னா கலரு?"

"கலர் இதுல வரலக்கா."

வீட்டுக்கு நடக்கும்போது அந்தக் கலரைப் பற்றியே யோசித்துக்கொண்டு போனாள். ஏழு பேர். அவர்கள் வீட்டில் இருப்பது மூன்று பேர். மீதி நாலு இடத்தில் யார் உட்காருவார்கள் என்று, தப்பாக வந்த ஒன்றைப் பற்றித்தான் யோசிக்கிறோம் என்று தெரிந்தே, யோசித்துக்கொண்டு போனாள். பெரும்பாலும் வெள்ளையாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தாள். தெருவில் நுழைந்ததும் தறிச் சத்தம் வந்து மூடிக்கொண்டது. அந்தத் தெருவில் வீட்டுக்கு இரண்டு தறியாவது இருக்கும். சத்தத்துக்குள் பேசிப் பயனில்லை என்பதால் அங்கே எல்லாரும் உதட்டையும் கையையும் வைத்துப் பேசப் பழகியவர்கள். சாப்பாடு, தண்ணீர், ஆள் வந்திருக்கிறது, நூல் தீர்ந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. அதைவிடப் பெரிய விஷயங்கள் கரண்ட் போகும்வரை காத்திருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் தேவசேனாவுக்கு அது மூச்சு முட்டியது. பிறகு பழகிவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் தன் புருஷன் தன்னோடு வாய்விட்டுப் பேசிய நேரத்தை எல்லாம் சேர்த்தால் கரண்ட் போன நேரத்தின் அளவுக்குத்தான் வரும் என்று சில சமயம் தோன்றும்.

கமலக்கண்ணன் இரண்டு தறிக்கும் நடுவில் நின்றிருந்தான். கூலிக்கு ஓடும் தறிகள். நூல் அறுந்தால் ஒழிய நிறுத்த மாட்டான். அவள் அவன் எதிரே போய் நின்று, வேடிக்கை சொல்வதுபோல, இரண்டு கையாலும் காற்றில் ஸ்டியரிங் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். பிறகு விரலால் அவன் நெஞ்சைச் சுட்டினாள். உனக்கு. கார்.

அவன் அவள் கையையே பார்த்தான். பிறகு எட்டி ஒரு தறியை நிறுத்தினான். திரும்பி அடுத்ததையும் நிறுத்தினான். நூல் எதுவும் அறுந்திருக்கவில்லை. அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே, திரையில் வந்தது தப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மாமா கேட்டாரு," என்றான்.

மாமா என்றால் தாமோதரன். கமலக்கண்ணனின் அக்கா யசோதாவைக் கட்டியவர். திருப்பதியில் பிளாட் போட்டு விற்கிறார். நாலு வருடத்துக்கு முன் ஒரு நாள், சித்தூரில் ஒரு வேலை இருக்கிறது, ஒரு கையெழுத்து வேண்டும், ஆதார் கார்டோடு வா என்று கூப்பிட்டார். போனான். அங்கே போன பிறகுதான் அது ஷோரூம் என்று தெரிந்தது. பூரி வாங்கிக் கொடுத்தார். ஐந்து இடத்தில் கையெழுத்து.

"சாட்சி கையெழுத்துன்னு நெனச்சியா?"

"இல்ல. ஓனர் கையெழுத்துன்னு சொல்லிட்டுதான் வாங்கனாரு. அவரு பேர்ல வாங்கனா அவங்க ரைஸ் கார்டு பூடுமாம்." நின்றுபோன தறியின் நூலை விரலால் தடவினான். "அக்காவ கட்னவரு. பூரி துன்னுட்டு எப்டி மாட்டேன்றது?"

"நாலு வருஷமா என்கிட்ட சொல்லல."

"இன்னான்னு சொல்றது? நமக்கு காரு கீது, ஆனா இல்லன்னா?"

இத்தனை நாள் வராத சிவப்பு இப்போது ஏன் வந்தது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. போன மாதம் கார் லோன் முடிந்ததாம். பேப்பரில் ஃபைனான்ஸ்காரன் பெயரை எடுக்க வேண்டும் என்று மாமா போன் செய்து ஒரு ஓடிபி கேட்டார். தறி ஓடிக்கொண்டிருந்ததால் தெருக்கோடி வரைக்கும் போய் நின்று, ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகக் கத்திச் சொன்னான். அதிலிருந்து அவன் ஆதாரும் வண்டியும் சேர்ந்துகொண்டன.

அன்று சாயங்காலம் மோகனப்ரியா கல்லூரியிலிருந்து வந்ததும் அப்பாவின் போனை வாங்கிப் பார்த்தாள். அந்த வீட்டில் மூன்று பேருக்குமாக இரண்டு போன். கமலக்கண்ணனுடைய போனில் படிக்காத செய்திகள் நானூற்றுச் சொச்சம் கிடந்தன. ஆங்கிலத்தில் வருவதெல்லாம் விளம்பரம் என்று அவன் விட்டுவிடுவான்.

"நைனா, இதெல்லாம் டோல்கேட் மெசேஜ். ஒவ்வொரு வாட்டி வண்டி டோல்கேட் தாண்டறப்பவும் ஓனர் நம்பருக்கு வரும்." அவள் விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். "நாலு வருஷமா வந்துகினே இருக்குது. நீ ஒண்ணு கூட பாக்கலயா?"

தேவசேனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "படி."

மோகனப்ரியா படித்தாள். தேதி, நேரம், ஊர். வடமாலப்பேட்டை. பட்டரைப்பெரும்புதூர். மறுபடி வடமாலப்பேட்டை. ஒரு ஏப்ரலில் கிருஷ்ணகிரி, ஓசூர். ஒரு டிசம்பரில் ஒரே நாளில் வரிசையாகப் பத்து டோல்கேட், கடைசியில் கன்னியாகுமரிப் பக்கம். தேவசேனாவுக்குப் பொறாமை வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. கதை கேட்பதுபோல இருந்தது. அடுத்து எங்கே போயிற்று, எத்தனை மணிக்குத் திரும்பிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தங்கள் பெயரில் இருக்கும் ஒன்று, தாங்கள் பார்க்காத ஊரையெல்லாம் பார்த்திருக்கிறது. அது கன்னியாகுமரியில் இருந்த அன்று தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். அந்த டிசம்பரில் ஒரு வாரம் விடாத மழை. தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறி, மூன்று பேரும் சொம்பால் மொண்டு ஊற்றினார்கள்.

மோகனப்ரியா படிப்பதை நிறுத்திவிட்டு எதையோ கணக்குப் போட்டாள். "அம்மா, திருப்பதி பக்கம் வடமாலப்பேட்டை, சென்னை பக்கம் பட்டரைப்பெரும்புதூர். ஒண்ணத் தாண்டி இன்னொண்ணுக்கு போவணும்னா நம்ம ஊரு வழியாத்தான் போவணும்."

"ஆமா."

"மாசத்துக்கு ரெண்டு வாட்டியாவது போயிருக்காங்க. ரெண்டு டோல்கேட்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம். எப்பவுமே ரெண்டு மணி நேரம்தான்." கொஞ்சம் தயங்கினாள். "நிக்காம போனாதான் ரெண்டு மணி நேரம்."

யசோதா கடைசியாக இந்த வீட்டுக்கு வந்தது மோகனப்ரியா பத்தாவது படிக்கும்போது. அதற்கும் பஸ்ஸில்தான் வந்தாள். வேலை, வேலை என்று போனில் சொல்வாள். கமலக்கண்ணன் பாபின் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு, சுற்றி முடித்த பாபின்களையே மறுபடி ஒழுங்காக அடுக்கினான்.

"ஒரே ஒரு வாட்டி மட்டும்," என்றாள் மோகனப்ரியா. "போன வருஷம் ஆகஸ்ட்ல. சென்னைலேந்து திரும்பறப்போ. நாலு மணி நேரம் ஆயிருக்குது."

அந்தக் கூடுதல் இரண்டு மணி நேரம் எங்கே போயிற்று என்று மூன்று பேரும் யோசித்தார்கள்.

வியாழக்கிழமை தேவசேனா திருப்பதிக்கு பஸ் ஏறினாள். கமலக்கண்ணன் வரவில்லை. மாமாவிடம் அவனால் கேட்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பஸ் ஏறும் முன் சச்சிவாலயத்துக்குப் போய்க் கீர்த்தியிடம் ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொண்டாள். எந்த நாலு சக்கர வண்டி இருந்தாலும் கார்டு போய்விடுமா? ஆட்டோ வைத்திருக்கிறவர்கள், டாக்ஸி ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் கார்டு இருக்கிறதே? கீர்த்தி சிரித்தாள், இந்த முறை நன்றாகவே. "அக்கா, நீங்க என் சீட்ல உக்காரலாம். டாக்ஸியா இருந்தா பரவால்ல. பொழப்புக்கு ஓட்றதுன்னு விட்ருவாங்க. டாக்ஸியா மாத்த அப்ளை பண்ண ரசீது இருந்தா கூட நான் வெச்சி அனுப்பறேன்."

திருப்பதியில், பைராகிப்பட்டெடாவில் தாமோதரனின் வீடு மூன்று மாடி. கீழே ஆபீஸ். கண்ணாடிக் கதவில் பச்சைப் புல்வெளியும் அதற்கு நடுவில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பமும் ஒட்டியிருந்தது. கார் வாசலிலேயே நின்றது. வெள்ளை இல்லை. கருநீலம். அப்போதுதான் கழுவியிருந்தார்கள், கதவின் கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தேவசேனா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். வெயிலில் நின்ற இரும்பு இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து இருக்கைகளை எண்ணினாள். ஏழுதான்.

"யாரது வண்டிகிட்ட?" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. பிறகு, "ஐயோ, தேவாவா! மேல வா மேல வா!"

யசோதா இளைத்திருந்தாள். கட்டிப்பிடித்து உள்ளே அழைத்துப் போய், ஏசி போட்டு, தட்டில் இட்லியை வைத்தாள். "துன்னு மொதல்ல. துன்னுட்டு சொல்லு." தேவசேனா சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். சச்சிவாலயம், சிவப்பு, இருபதாம் தேதி, ஹால் டிக்கெட். யசோதா கேட்டுக்கொண்டே இருந்தாள். சட்னிக் கிண்ணம் காலியானது தெரிந்தும் எழுந்து ஊற்றவில்லை.

"ஒண்ணு கேக்கட்டாண்ணி? கோச்சிக்கக் கூடாது."

"கேளு."

"இந்த வூட்ல எதெது யாரு பேர்ல கீது?"

யசோதா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு இடது கையால் சுற்றிலும் காட்ட ஆரம்பித்தாள், வீடு பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல. "வூடு எங்க மாமியார் பேர்ல. பேங்க்ல கீது. கீழ ஆபீஸு அவரு தம்பி பேர்ல. இந்த ஏசி ஆபீஸ் பையன் பேர்ல, மாசத் தவணை. அந்த சோபா இன்னும் கடக்காரன் பேர்லதான். காரு என் தம்பி பேர்ல." கை நின்றது. "என் பேர்ல இன்னா கீது? ரைஸ் கார்டுதான்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யசோதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்காத தேவா. அந்தக் கார்டுலதான் போன வருஷம் எனக்கு இலவசமா ஆபரேஷன். கர்ப்பப்பைய எடுத்தாங்க. அது இல்லன்னா இன்னா பண்ணியிருப்பாரோ. பாக்கறவங்களுக்கு மூணு மாடி தெரியுது."

"எங்களுக்கு சொல்லவே இல்லயே நீ."

யசோதா எழுந்து உள்ளே போனாள். பீரோவை நகர்த்தும் சத்தம் கேட்டது. தூசியோடு ஒரு ஃபிரேம் போட்ட போட்டோவைக் கொண்டு வந்து தேவசேனாவின் மடியில் வைத்தாள். ஷோரூமில் எடுத்தது. கருநீலக் காரின் முன்னால் கமலக்கண்ணன், கழுத்தில் மாலை, கையில் ஆளுயரத்துக்கு அட்டையில் செய்த ஒரு சாவி. சட்டை அவனுடைய கல்யாணச் சட்டை. அன்றைக்குச் சித்தூருக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனானா என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கேமராக்காரன் சிரிக்கச் சொன்னதால் வரும் சிரிப்பு இல்லை. அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியாது. நாலு வருடம் பீரோவுக்குப் பின்னால் அது இருந்திருக்கிறது.

"வர்றவங்க கண்ல படக்கூடாதுன்னு உள்ள வெச்சாரு," என்றாள் யசோதா.

தாமோதரன் சாப்பாட்டுக்கு மேலே வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், நெற்றியில் குங்குமம். "ஏம்மா தேவசேனா, சொல்லினு வந்திருக்கலாம் இல்ல? பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி அனுப்பியிருப்பேன்."

"எந்த வண்டிண்ணா? எங்க வண்டியா?"

அவர் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. விஷயத்தைக் கேட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டே, "அதுக்கா இவ்ளோ தூரம்? கார் இல்லன்னு எயுதிக் குடுத்தா ஆச்சி. எல்லாரும் அதான் பண்றாங்க," என்றார்.

"இருக்குதேண்ணா."

"பேப்பர்ல தானம்மா இருக்குது."

"எயுதிக் குடுக்கறதும் பேப்பர்லதானே. நாளைக்கு நம்பர அடிச்சிப் பாத்தா இவரு பேரு வரும். அப்போ பொய் சொன்னதுக்கு கார்டே பூடும்."

தாமோதரன் சாதத்தைப் பிசைந்தார். "சரே. இந்த வருஷம் பாப்பா ஃபீஸ நான் கட்டிடறேன். போதுமா? மாமன் நான் இருக்கறப்போ..."

"எத்த வெச்சி?" என்றாள் யசோதா.

மெதுவாகத்தான் கேட்டாள். ஏசி சத்தத்துக்கு மேல் அது கேட்டிருக்கவே முடியாது. ஆனாலும் அவர் கை தட்டில் நின்றது. தறி வீட்டில் மௌனம் என்பது கரண்ட் போனால் வருவது, காதுக்கு இதமாக இருக்கும். இங்கே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மௌனம் வந்தது தேவசேனாவுக்குப் புதிதாக இருந்தது. அவர் சட்டைக் காலரின் மடிப்பு நைந்து, உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பித் தைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள். நன்றாகத் தைத்திருந்தது. யசோதாவின் கை.

"உங்க பேருக்கு மாத்துங்கன்னு கேக்கலண்ணா," என்றாள். "அண்ணி கார்டு பூடும். மஞ்ச போர்டு போட்டுடுங்க. டாக்ஸின்னா எங்க கார்டும் போவாதாம், உங்க கார்டும் போவாது. வண்டி எப்பவும்போல உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க வண்டிய எடுத்துனு வந்தா, இவரு கூட சித்தூர் ஆர்டிஓ ஆபீஸுக்கு வந்து கையெழுத்து போடுவாரு. ரசீது குடுத்தா போதும்."

"மஞ்ச போர்டா?" தாமோதரன் நிமிர்ந்தார். முதல்முறையாக அவர் குரலில் பயம் தெரிந்தது. "சென்னைலேந்து பார்ட்டிய கூட்டினு வந்து மஞ்ச போர்டு வண்டில எறக்கி பிளாட்ட காட்னா எவன்மா அட்வான்ஸ் குடுப்பான்? மாசத்துக்கு ரெண்டு வாட்டி எதுக்கு அங்க போய்க்கினு வர்றேன்? நான் எத்த விக்கறேன்னு நெனச்சே? மண்ணையா? அந்த வண்டிலேந்து நான் எறங்கறத பாத்துதான் அவன் வாங்கறான்."

கன்னியாகுமரியும் ஓசூரும்கூட அப்படித்தானா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. பாதித் தட்டில் எழுந்து அவர் கீழே இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் டீசல் என்ஜின் கிளம்பும் சத்தம் கேட்டது. பெரிய சத்தமாக இல்லை.

யசோதா தெருமுனை வரை கூட வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, தேவசேனா போன ஆகஸ்ட்டைப் பற்றிக் கேட்டாள். நாலு மணி நேரம்.

"அது எப்டி உனக்கு தெரியும்?"

"தெரியும்."

"ஆபரேஷனுக்கு முன்னால. எனக்கு பயமா இருந்திச்சி, தம்பிய பாக்கணும்னேன். உங்க தெருமுனைல வண்டிய நிறுத்திட்டு, உள்ள வேணாம்னாரு. வண்டிய பாத்துட்டு எவனாவது நம்பர போன்ல தட்டனா கமலக்கண்ணன் பேரு வரும், ஊரே கேக்கும்னாரு. நீ வேணா நடந்து போய்ட்டு வான்னாரு." ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எறங்கி நின்னேன். தறிச் சத்தம் கேட்டுகினு இருந்திச்சி. வெறுங்கையோட எப்டி போறது, கார எங்க நிறுத்தனன்னு கேட்டா இன்னா சொல்றது. ரெண்டு மணி நேரம் அப்டியே நின்னுட்டு ஏறிக்கினேன்."

ஆட்டோ கிளம்பும்போது அந்த போட்டோவைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அவள் மடியில் வைத்தாள்.

கமலக்கண்ணன் போட்டோவைப் பிரித்துப் பார்த்தான். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. தறிக்கு நூல் கொடுக்கும் கடைக்காரர் தந்த காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் மாட்டினான். மோகனப்ரியா நோட்டரியிடமிருந்து அஃபிடவிட்டை வாங்கி வந்து, அதன் கீழே, தறியின் மரச் சட்டத்தில் செருகி வைத்தாள். எனக்கோ என் குடும்பத்தாருக்கோ நாலு சக்கர வாகனம் எதுவும் இல்லை என்று உறுதி கூறுகிறேன். கையெழுத்து போடும் இடம் காலியாக இருந்தது. மேலே மாலை போட்டுக்கொண்டு சாவியோடு அவன் சிரித்தான்.

நாட்கள் போயின. தாமோதரன் போனை எடுக்கவில்லை. யசோதா ஒருமுறை எடுத்து, "அவரு ஒண்ணும் சொல்ல மாட்டேன்றாரு தேவா," என்று மட்டும் சொன்னாள். கமலக்கண்ணனுடைய போன் இப்போது விளக்கு மாடத்தில் ஒலி முழுவதும் கூட்டி வைக்கப்பட்டிருந்தது. ஒரு செய்திகூட வரவில்லை. கார் திருப்பதியை விட்டு நகரவில்லை. பத்தொன்பதாம் தேதி காலையில் கீர்த்தி போன் செய்து, நாளைக்கு மதியம் வரைக்கும்தான் என்று நினைவுபடுத்தினாள். தேவசேனா பேனாவைக் கொண்டு வந்து தறிமேல் வைத்தாள். கமலக்கண்ணன் அதை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு தறியை ஓட்டினான். கேட்டால் கேட்ட இடத்தில் கையெழுத்து போடுகிற மனுஷன். இந்த ஒரு காகிதத்தை எத்தனையோ முறை படித்துவிட்டான்.

சாயங்காலம் நாலு நாற்பதுக்கு போன் சத்தமிட்டது. தறிச் சத்தத்தில் அது கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கமலக்கண்ணன்தான் முதலில் திரும்பினான். மோகனப்ரியா ஓடிப்போய் எடுத்தாள். உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள். வடமாலப்பேட்டை.

கமலக்கண்ணன் ஒரு தறியை நிறுத்தினான். அடுத்ததையும் நிறுத்தினான். தெரு முழுவதும் தறிகள் ஓடிக்கொண்டிருக்க, அந்த வீடு மட்டும் சத்தத்துக்குள் ஒரு பள்ளம்போல ஆயிற்று.

"சென்னைக்கு கூட போவலாம்," என்றாள் மோகனப்ரியா. "ரெண்டு மணி நேரத்துல பட்டரைப்பெரும்புதூர்னு வந்திச்சின்னா, நம்ம ஊர தாண்டிட்டாங்கன்னு அர்த்தம்."

"வடமாலப்பேட்டைலேந்து இங்க வர எவ்ளோ நேரம்?" என்று அம்மா கேட்டாள்.

"முக்கா மணி நேரம்."

தேவசேனா வாசலுக்கு வந்தாள். வீட்டு முன்னால் சைக்கிள், பாவு நூல் சுற்றும் காலி உருளைகள், தண்ணீர் டிரம், பக்கத்து வீட்டின் உடைந்த தறிப் பலகைகள் என்று தெரு பாதியாகக் குறுகிக் கிடந்தது. அங்கே இதுவரை எந்தக் காரும் நின்றதில்லை. அவள் குனிந்து ஒரு உருளையைத் தூக்கினாள். கமலக்கண்ணன் வந்து அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். உருளைகளைச் சுவரோரம் அடுக்கினார்கள். டிரம்மை உருட்டினார்கள். சைக்கிளை அவன் உள்ளே தூக்கிக்கொண்டு போய்த் தறிக்குப் பக்கத்தில் சாத்தினான். எதிர்வீட்டுக்காரர் தறியை விடாமலே ஜன்னல் வழியாகக் கையால் கேட்டார், என்ன? தேவசேனா இரண்டு கையையும் தூக்கி ஸ்டியரிங் பிடித்துக் காட்டப் போனவள், பாதியில் நிறுத்திக் கையை இறக்கிக்கொண்டாள்.

மோகனப்ரியா துடைப்பத்தை எடுத்துவந்து அந்த இடத்தைப் பெருக்கினாள். பெருக்கியதும் அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ஏழு பேர் உட்காருகிற ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு நீளமும் அகலமுமாக, தெருப்புழுதியில் துடைப்பத்தின் கோடுகளோடு, ஒரு இடம். மூன்று பேரும் அதில் கால் வைக்காமல் வாசற்படியில் நின்றார்கள். போன் கமலக்கண்ணனின் உள்ளங்கையில், முகம் மேலே பார்க்க, இருந்தது.